ஒரு பிடி பழைய மணல்

எங்கள் வீட்டில் சிறுநீர் விஷயத்தில் என்னைத் தவிர எல்லோரும் தொழில் தெரிந்தவர்கள்.

மனைவிக்குப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஊரில் பாதிப் பேருடையது சின்னச் சின்ன டப்பாக்களில் அடைபட்டு அவள் மேசைக்குத்தான் வந்து சேரும். அக்கா ஒரு பெரிய ஓட்டலில் அறைகளைச் சுத்தம் செய்யும் பெண்களுக்கு மேற்பார்வையாளர். மெத்தையில் ஒரு கறையைக் காட்டினால் போதும், அது தேநீரா, மதுவா, கைக்குழந்தையா என்று வாசலில் நின்றபடியே சொல்லிவிடுவாள். மூன்றாவது ஆள் உற்பத்தியாளர். உள்ளங்கையில் அடங்கும் சாம்பல் நிறப் பூனைக்குட்டி.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். பொழுது விடிந்ததிலிருந்து அடையும் வரை, பயந்தவர்களுக்கும் பயமே இல்லாதவர்களுக்கும் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, என் காலடியில் உள்ள இரண்டாவது பிரேக்கை மிதிப்பதுதான் பிழைப்பு. வீட்டுக்கு வந்து நாற்காலியில் சாய்ந்த பிறகும் கால் தரையை மிதித்துக்கொண்டே இருக்கும். டீவியில் யாராவது கொஞ்சம் வேகமாக நடந்தாலே மிதிப்பேன். பயமில்லாதவர்கள்தான் அதிகம் களைப்பைத் தருவார்கள் என்பது என் அனுபவம். பூனைக்குட்டிக்குப் பயமே கிடையாது.

அன்று காலை அவசரமாகக் கிளம்பி ஷூவுக்குள் காலை விட்டேன். ஈரம். ஈரம்கூடப் பழகிப்போன விஷயம்தான். ஆனால் அது வெதுவெதுப்பாகவும் இருந்தது. அதாவது, அப்போதுதான் ஆன வேலை.

"என்னங்க, நிக்கறீங்க?" என்றாள் மனைவி சமையலறையிலிருந்து.

"ஒண்ணுமில்ல. ஆபீசர் கையெழுத்துப் போட்டிருக்காரு."

அக்காவின் அறைக் கதவு சட்டென்று திறந்தது. கையில் துணியோடு ஓடிவந்தாள். எனக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்து, "கழட்டுடா, நான் பாத்துக்கறேன்" என்றாள். "இருங்க அண்ணி, நான் துடைக்கறேன்" என்று மனைவியும் ஒரு துணியோடு வந்தாள். என் கால் ஒன்று, அதற்குத் துணி இரண்டு. அரசனுக்குக்கூட இந்த மரியாதை கிடைத்திருக்காது. ஒருவேளை அரசனின் ஷூவுக்குள் பூனை போகாததால் இருக்கலாம்.

கதையைக் கொஞ்சம் பின்னால் எடுக்கிறேன். ரிவர்ஸ் எடுப்பதில் எனக்குப் பெயர் உண்டு.

அத்தான் தவறிப்போன பிறகு அவர்கள் இருந்த வாடகை வீட்டை அக்காவால் தனியாக வைத்துக்கொள்ள முடியவில்லை. "நம்ம வீட்டுல ஒரு ரூம் சும்மாதானே கிடக்கு, அண்ணியை வரச் சொல்லுங்க" என்று முதலில் சொன்னது நானில்லை, என் மனைவி. நான் கேட்கலாமா வேண்டாமா என்று மென்று விழுங்கிக்கொண்டிருந்ததை அவள் ஒரே வரியில் முடித்துவிட்டாள். அக்கா ஒரு பெட்டியும் ஒரு மூடிபோட்ட கூடையுமாக வந்தாள். பெட்டியில் துணிமணி. கூடையில் இந்தக் குட்டி. ஓட்டலில் அழுக்கு விரிப்புகளைச் சேர்க்கும் வண்டிக்குள், துணிக்கு அடியில் கத்திக்கொண்டு கிடந்ததாம். அத்தான் போன அதே வாரம். 

வந்த அன்றே குட்டி ஒவ்வோர் அறையாகப் போய்ப் பார்த்தது. எதுவும் சரியில்லை என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டது. பிறகு இருப்பதிலேயே நல்ல நாற்காலியாகத் தேர்ந்தெடுத்துத் தூங்கிவிட்டது. "ஆபீசர் வந்திருக்காரு, எல்லாரும் ஒழுங்கா வேலை பாருங்க" என்றேன். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

அக்கா எங்கள் வீட்டில் இருந்த விதத்தைச் சொல்ல வேண்டும். அவள் குளித்துவிட்டு வந்தால் குளியலறைத் தரை காய்ந்திருக்கும். படுத்து எழுந்த படுக்கையில் ஒரு சுருக்கம் இருக்காது. சாப்பிட்ட தட்டு, நாம் கை கழுவிவிட்டு வருவதற்குள் அலமாரியில் ஏறியிருக்கும். அந்த அறையில் ஒருத்தி குடியிருக்கிறாள் என்று கோர்ட்டில் நிரூபிக்கச் சொன்னால் கேஸ் தோற்றுப்போகும். மனைவியும் சளைத்தவள் இல்லை. அண்ணி மனசு ஒரு நூல் அளவும் கோணக் கூடாது என்று, டீவி சத்தத்தைக் குறைத்து, கதவைச் சாத்தும் சத்தத்தைக் குறைத்து, கடைசியில் என் சத்தத்தையும் குறைத்துவிட்டாள். குளியலறை வாசலில் இருவரும் "நீங்க போங்க அண்ணி", "இல்லம்மா, நீ போ, உனக்கு வேலைக்கு நேரமாச்சு" என்று நிற்கிற நேரத்தில் நான் உள்ளே போய்க் குளித்து, தலை துவட்டி, வெளியே வந்துவிடலாம். வந்திருக்கிறேன்.

குட்டி ஒண்ணுக்குப் போக ஒரு மணல் தொட்டி முதல் நாளே வாங்கியாயிற்று. கடைக்காரர் அந்த மணலை 'லிட்டர்' என்றார். எனக்குத் தெரிந்த ஒரே லிட்டர் பெட்ரோல் பங்கில் கிடைப்பது. சரி, நாகரிகம் வளர்ந்துவிட்டது என்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். தொட்டியைக் குளியலறை ஓரம் வைத்தோம். ஆபீசர் மிதியடியில் போனார். சலவை இயந்திரத்துக்குப் பின்னால் வைத்தோம். சோபாவின் மூலையில் போனார். பின்பக்க பால்கனியில் வைத்தோம். என் பையில் போனார். பைக்குள் இருந்த கற்றுக்கொள்பவருக்கான சிவப்பு 'எல்' எழுத்துப் பலகையின் மேல், எழுத்து நடுவில், அவ்வளவு துல்லியமாக. என்னிடம் படிக்கும் ஒருவராவது அப்படி நடுவில் வண்டியை நிறுத்தினால் நான் இந்தத் தொழிலில் ஏன் இப்படித் தலை நரைத்து நிற்கிறேன்.

உடம்புக்கு ஏதாவது இருக்குமோ என்று அக்காவுக்குக் கவலை. கால்நடை மருத்துவரிடம் அக்காவும் நானும் கூட்டிக்கொண்டு போனோம். அவர் குட்டியைத் திருப்பிப் போட்டு, வயிற்றை அழுத்தி, வாயைத் திறந்து பார்த்தார். சிறுநீர் மாதிரி எடுத்து வைத்துக்கொண்டார்.

"தொட்டி சுத்தமா இருக்குமா?" என்று கேட்டார்.

"ரொம்ப சுத்தமா இருக்கும்" என்றோம் அக்காவும் நானும் ஒரே நேரத்தில்.

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்த்தாள். என் வீட்டு மானத்தைக் காப்பாற்றச் சொல்கிறாள் போலிருக்கிறது என்று நான் நினைத்தேன். தன் மானத்தைக் காப்பாற்ற இவன் சொல்கிறான் என்று அவள் நினைத்திருக்கிறாள். இது பிறகுதான் தெரிந்தது.

மருத்துவர் ஒன்றுமில்லை என்றார். மனைவிக்கு அடுத்தவர் பரிசோதனையில் நம்பிக்கை கிடையாது. சமையலறைத் தரையில் புதிதாக ஒரு குளம் தேங்கியபோது, சொட்டுக்குழாயால் உறிஞ்சித் தன் கூடத்துக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மாலையில் வந்து, "ஆபீசருக்குச் சர்க்கரை இல்ல, கிருமி இல்ல, எல்லாம் பளிங்கு மாதிரி இருக்கு. உங்களுக்குத்தான் போன மாசமே சர்க்கரை கோட்டைத் தாண்டியாச்சு. அதைப் பத்திப் பேசுவோமா?" என்றாள்.

பூனையைப் பற்றியே பேசலாம் என்றேன்.

இப்படி இழுத்துக்கொண்டே போனது ஒருநாள் அறுந்தது. பரிசோதனைக் கூடத்துக்கு மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு ஆள் வரும் நாள் அது. மனைவி முந்தின நாளே வெள்ளைக் கோட்டைத் துவைத்து, இஸ்திரி போட்டு, நாற்காலி முதுகில் மாட்டி வைத்திருந்தாள். அது நழுவிக் கீழே விழுந்திருக்கிறது. விழுந்த வெள்ளைத் துணி ஆபீசர் கண்ணுக்கு எப்படித் தெரிந்ததோ. காலையில் எடுத்தவள் முகர்ந்து பார்த்தாள். அக்கா அறை வாசலில் உறைந்துபோய் நின்றிருந்தாள். மனைவி கோட்டை மடித்தாள், வாளியில் போட்டாள், பழைய கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். "பரவாயில்ல அண்ணி, இதுவும் நல்லாத்தான் இருக்கு" என்று சிரித்துவிட்டுப் போனாள். பழைய கோட்டின் பையில் அயோடின் கறை பனங்காய் அளவுக்கு இருந்தது.

நாலு வார்த்தை திட்டியிருந்தால் அக்கா அன்று மதியம் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பாள்.

சாயங்காலம் துணி எடுக்கிற சாக்கில் என்னைப் பால்கனிக்குக் கூப்பிட்டாள்.

"டேய், ஓட்டல்லயே ஸ்டாஃப் ரூம் ஒண்ணு காலியாகுது. ஒண்ணாம் தேதிலேர்ந்து எடுத்துக்கறேன்னு சொல்லிட்டேன்."

"எந்த ரூம்? அந்தக் கீழ்த்தளத்துல, பாய்லருக்குப் பக்கத்துல இருக்கே, அதா? அதுக்கு ஜன்னல்கூடக் கிடையாதேக்கா."

"ஜன்னலைத் தொறந்து நான் யாரைப் பாக்கப் போறேன்."

"பூனை?"

"அங்க விட மாட்டாங்க. நல்ல இடமாப் பாத்து நீயே குடுத்துடு." இதைச் சொல்லும்போது கொடியிலிருந்த துண்டை இரண்டு முறை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"ஒரு குட்டிப் பூனை ஒண்ணுக்குப் போறதுக்காகவா வீட்டை விட்டுப் போவாங்க?"

"பூனைக்காக இல்லடா. உன் பொண்டாட்டி தங்கம். நான் இல்லைங்கல. அந்தத் தங்கத்தை நான் எத்தனை நாளைக்குத்தான் உரசி உரசிப் பாக்கறது?"

 அவளுக்கு இந்த வீட்டைத் தவிர வேறு வீடு இல்லை. எனக்கும் அவளைத் தவிரப் பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள வேறெதுவும் இல்லை. இதை அப்படியே அவளிடம் சொல்லியிருக்கலாம். "துண்டைக் குடு, கசங்குது" என்றுதான் சொன்னேன்.

மனைவியிடம் சொன்னபோது அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "நான் ஒரு தடவையாவது முகம் சுளிச்சிருக்கேனா? நீங்களே சொல்லுங்க."

"அதான் பிரச்சினையே."

"அப்ப சுளிக்கணுமா?"

எனக்கு என்ன தெரியும். நான் பிரேக் மிதிக்கிற ஆள்.

மறுநாள் காலையில் எனக்கு முதல் பாடம் பல் டாக்டரம்மாவோடு. மாதக்கணக்கில் படிக்கிறார். எவ்வளவு சின்ன வாய்க்குள்ளும் கண்ணாடியைத் திருப்பிப் பின்பல்லைப் பார்த்துவிடுவார். காரின் கண்ணாடியில் மட்டும் பின்னால் வருவது அவருக்குத் தெரியாது. கதவைத் திறந்து உட்கார்ந்தவர் மூக்கைச் சுளித்தார்.

"என்ன சார், உங்க கார் என் கிளினிக் மாதிரி வாசனை அடிக்குது?"

கையை முகர்ந்து பார்த்தேன். உண்மைதான். கிளம்புவதற்கு முன்னால் செய்த வேலை அப்படி. ஒவ்வொரு நாளும் அக்கா எழுந்திருப்பதற்கு முன்னால் நான் தொட்டியைக் கழுவி, கார் துடைக்கும் திரவத்தை ஊற்றித் தேய்த்து, புது மணல் போட்டுவிடுவேன். அக்கா பார்த்தால் வெட்கப்படுவாள், மனைவி பார்த்தால் அவளுக்கு இன்னொரு வேலை. இரண்டு பெண்களுக்கு நடுவில் இருக்கிறவன் இப்படி ஏதாவது திருட்டுத்தனமாகப் புண்ணியம் செய்துகொண்டுதான் இருக்க வேண்டும்.

"அப்படியா மேடம். வீட்டுல கொஞ்சம் கழுவற வேலை" என்றேன். "கிளட்சை மெதுவா விடுங்க."

கிளட்சை வேகமாக விட்டார். கார் ஒரு விக்கல் விக்கி நின்றது.

"அதுல பாருங்க சார்," என்றார், நின்றதைப் பொருட்படுத்தாமல், "எங்க கிளினிக்ல இந்த மருந்து வாசனைதான் பெரிய தொல்லை. குழந்தைங்க வாசல் வரைக்கும் சிரிச்சுட்டே வரும். வாசனை பட்டதும் அம்மா காலைக் கட்டிக்கும். உள்ள வரவே வராது. நாங்களும் சுத்தமா இருக்கணுமேன்னு இன்னும் கொஞ்சம் தெளிப்போம். அது இன்னும் கத்தும்."

அவர் மறுபடி காரைக் கிளப்பினார். கொஞ்ச நேரம் நான் சாலையைக்கூடப் பார்க்கவில்லை. என் தொழிலில் அது தற்கொலைக்குச் சமம்.

"மேடம்," என்றேன். "இன்னைக்குப் பாடம், என் வீட்டு வாசல்ல வண்டியை நிறுத்தறது."

அவர் நிறுத்தினார். பக்கத்து வீட்டு வாசலில்தான், ஆனாலும் நிறுத்தினார். இறங்கி உள்ளே போனேன். அக்காவுக்கு அன்று மதிய வேலை, வீட்டில்தான் இருந்தாள். பின்பக்கம் போனால், குழாயடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்து எதையோ அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள். எலுமிச்சை வாசனை மூக்கைத் துளைத்தது. ஓட்டலில் கழிப்பறைகளுக்கு ஊற்றுவது.

"என்னக்கா பண்றே?"

திடுக்கிட்டு எழுந்தாள். தொட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். அவ்வளவு பெரிய தொட்டியை அவ்வளவு ஒல்லியான ஆள் மறைப்பது பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

"ஒண்ணுமில்லடா. சும்மா. உன் பொண்டாட்டி வர்றதுக்குள்ள ஒரு தடவை தேச்சு வெச்சுடுவேன். பாவம், நாள் முழுக்க அங்கயும் இதையே பாத்துட்டு இங்க வந்தும் பாக்கணுமா."

"தினமுமா?"

"தினமும்தான்."

"காலைலதானேக்கா நான் தேச்சேன்."

"நீயா?" என்றாள். "நீ எதுக்குடா தேக்கறே? நீ குளிச்ச பக்கெட்டையே கழுவி வைக்க மாட்டியே."

வாசலில் டாக்டரம்மா ஹாரன் அடித்தார். பக்கத்து வீட்டுக்காரர் வண்டியை எடுக்கச் சொல்கிறாராம். ரிவர்ஸ் பாடம் இன்னும் நடத்தவில்லையே என்று டாக்டரம்மா கேட்டார்.

அன்று மாலை அக்கா அனுமதி கேட்டு வேலைக்கு நடுவிலேயே வந்துவிட்டாள். நான் கடைசிப் பாடத்தை ரத்து செய்தேன். மனைவியும் இதையே செய்கிறாளோ என்று இருவருக்கும் சந்தேகம். இருவரும் அவள் அறைக் கதவுக்குப் பின்னால், சின்ன வயதில் ஒளிந்து விளையாடியது மாதிரி நின்றோம். எங்கள் மூட்டுகள் மட்டும் அந்த வயதில் இல்லை. மனைவி வந்தாள். செருப்பைக் கழற்றினாள். அக்கா அறைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தாள், காலி என்று நினைத்துக்கொண்டாள். நேராகப் பின்பக்கம் போய், தோள் பையைத் திறந்து, பழுப்பு நிறப் பாட்டில் ஒன்றை எடுத்தாள். பரிசோதனைக் கூடத்துக் கிருமிநாசினி. தொட்டியிலிருந்த மணலைக் குப்பையில் கொட்டினாள், புடவையை இடுப்பில் செருகினாள், உட்கார்ந்தாள்.

"கையும் களவுமா" என்றேன்.

பாட்டில் கை நழுவித் தரையில் உருண்டது. மனைவி என்னைப் பார்த்தாள், பின்னால் நின்ற அக்காவைப் பார்த்தாள், முகம் சிவந்தது. "அண்ணிக்குத் தெரிஞ்சா சங்கடப்படுவாங்களேன்னுதான்…" என்று இழுத்தாள்.

மூன்று பேரும் அங்கேயே தரையில் உட்கார்ந்தோம். கணக்குப் பார்த்தபோது வெட்கமாகத்தான் இருந்தது. விடியலில் கார் திரவம், பகலில் எலுமிச்சை, மாலையில் கிருமிநாசினி. ஒரே தொட்டி. ஒருவருக்கும் இன்னொருவர் கழுவுவது தெரியாது. இடத்தையும் ஆளுக்கொரு பக்கம் 'யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல்' நகர்த்திக்கொண்டிருந்தோம்.

"அது இதுல போனதே இல்லையே. நான் பாக்கறப்பல்லாம் மணல் அப்படியே புதுசா இருக்கும்" என்றாள் மனைவி.

"யார் சொன்னா? வந்த புதுசுல நான் பகல்ல எடுக்கறப்ப ரெண்டு உருண்டை இருக்குமே" என்றாள் அக்கா.

"எனக்கும் ஒருநாள் காலைல இருந்துச்சு" என்றேன். "நான் அள்ளிப் போட்டுட்டேன். யாரும் பாக்க வேணாமேன்னு."

 பூனை முதல் வாரமே கற்றுக்கொண்டுவிட்டது. அதன் தேர்ச்சிக்கான ஆதாரத்தை நாங்கள் மூவரும் மாறி மாறி அழித்திருக்கிறோம். பிறகு அந்தத் தொட்டியில் தன் வாசனை என்று எதுவும் மிஞ்சாததால், அது வேறு இடம் தேடிப் போயிருக்கிறது. மூன்று பேருடைய நல்ல மனசும் சேர்ந்தால் ஒரு பூனைக்கு மூத்திரம் போகக்கூட இடம் மிஞ்சாது.

"சரி, காரணம் தெரிஞ்சுதே. இனிமே வளர்க்கறவங்களுக்குச் சுலபம்" என்றாள் அக்கா, எழுந்துகொண்டே. "குடுக்கறப்ப இதையும் சொல்லிக் குடுத்துடு."

அதாவது, ஒண்ணாம் தேதி அப்படியேதான் இருக்கிறது. மனைவி என்னைப் பார்த்தாள். நான் உருண்டு போன பாட்டிலைத் தேடினேன்.

மருந்து வாசனை ஏறிப்போன தொட்டியைத் தூக்கி எறிந்தோம். துணி ஊறவைக்கும் ஒரு பழைய பிளாஸ்டிக் பேசினை எடுத்து, வெறும் மணலைக் கொட்டி, அக்கா அறைக்கும் குளியலறைக்கும் நடுவே நடையின் கோடியில் வைத்தோம். அன்று ஆபீசர் சோபாவில் விட்ட குளத்தைக் காகிதத்தால் ஒற்றி, அந்தக் காகிதத்தை மணலுக்கு அடியில் புதைத்தேன். ஊரே மூத்திர வாசனையைப் போக்கப் படாத பாடு படும்போது, அதைப் பத்திரமாகச் சேமித்து வைத்த குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும். விதிகள் இவ்வளவுதான்: உருண்டையை அள்ளலாம், தொட்டியைக் கழுவக் கூடாது, மணல் மாற்றினால் ஒரு பிடி பழைய மணலைப் புதிதோடு கலக்க வேண்டும். நகர்த்தவே கூடாது.

சொல்வது சுலபம். ஒருத்தி கிருமிகளைக் கண்ணாடியில் பெரிதாக்கிப் பார்க்கிறவள். இன்னொருத்தி அடுத்தவர் தலைமுடி ஒன்று தலையணையில் இருந்தால் அறையையே மறுபடி சுத்தம் செய்ய வைக்கிறவள். இருவரும் அந்தப் பேசினைத் தாண்டிப் போகும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். சாப்பிடும்போது ஒருவர் பார்வை அந்தப் பக்கம் போகும், இன்னொருவர் இருமுவார். நான் நடுவில் உட்கார்ந்து இரண்டு பேருக்கும் சேர்த்துக் களைத்துப்போனேன். ஆபீசர் பேசின் விளிம்பில் ஏறுவார், முகர்வார், இறங்கிப் போய் மிதியடியில் படுப்பார். மிதியடியில் படுத்தார், அவ்வளவுதான். அதற்கே நாங்கள் மகிழ்ந்தோம்.

மாதக் கடைசியில் ஒரு விடுமுறை நாள். மூன்று பேரும் வீட்டில். அக்கா அறையில் அவள் பெட்டி கட்டிலின் மேல் திறந்து கிடந்தது. நான் செய்தித்தாளை முகத்தில் மூடிக்கொண்டு சாய்ந்திருந்தேன். நடையிலிருந்து தண்ணீர் சலசலக்கும் சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால் எலுமிச்சை வாசனை மெல்ல வந்தது.

"அண்ணி."

மனைவியின் குரல். ஆனால் இதுவரை அண்ணிக்கென்று ஒதுக்கி வைத்திருந்த குரல் இல்லை. எனக்கென்று இருக்கிற குரல். நான் செய்தித்தாளுக்குள்ளேயே எழுந்து உட்கார்ந்தேன்.

"அண்ணி, அந்தப் பாட்டிலைக் கீழ வைங்க."

"ஓரத்துல மட்டும்தாம்மா. ஒரு சொட்டு. அந்த விளிம்புல பிசுபிசுன்னு…"

"ஓரத்துலயும் வேணாம். எத்தனை தடவை சொல்றது? நேத்துக்கூடத் துடைச்சீங்க. நான் பாத்தேன். பாத்துட்டுச் சும்மா இருந்தேன்."

"பாத்தா சொல்ல வேண்டியதுதானே? உள்ள வெச்சுட்டுப் பல்லைக் காட்டினா எனக்கு எப்படித் தெரியும்?"

 நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"நான் பல்லைக் காட்டறேனா?" என்றாள் மனைவி. "சரி. இன்னைக்குக் காட்டல. கேட்டுக்குங்க. இது உங்க ஓட்டல் இல்ல. ஆள் காலி பண்ணிட்டுப் போன ரூம் மாதிரி தினமும் இந்த வீட்டைத் துடைச்சுத் துடைச்சு, நீங்க இருந்த அடையாளமே இல்லாமப் பண்றீங்க. எனக்கு அது எப்படி இருக்கு தெரியுமா? நான் ஏதோ உங்களை நாளைக்கே அனுப்பப் போறவ மாதிரி இருக்கு."

"அன்னைக்குக் கோட்டு நாசமாச்சே, அப்ப ஒரு வார்த்தை திட்டினியா? திட்டியிருந்தா நானும் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருப்பேன். பரவாயில்ல பரவாயில்லன்னா நான் எங்க போய் நிக்கறது?"

"எனக்குக் கோவம் வந்துச்சு அண்ணி. நல்லாவே வந்துச்சு. அந்தப் பூனையைத் தூக்கி ஜன்னல் வழியாப் போடலாமான்னு வந்துச்சு."

"அதைச் சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா நீங்க பெட்டியைக் கட்டிடுவீங்க!"

"சொல்லாமயே கட்டிட்டேனே!"

நான் எழுந்து போய் நடையின் முனையில் நின்றேன். சமாதானம் செய்ய என்று இல்லை. அடுத்து என்ன உடையும் என்று பார்க்க. "ரெண்டு பேரும் கொஞ்சம்…" என்று ஆரம்பித்தேன்.

"நீங்க பேசாதீங்க" என்றாள் மனைவி.

"நீ வாயை மூடு" என்றாள் அக்கா. "எல்லாம் உன்னாலதான். அவளுக்குக் கோவம்னு எங்கிட்ட வந்து சொல்லணும், எனக்குச் சங்கடம்னு அவகிட்டப் போய்ச் சொல்லணும். நடுவுல ஒருத்தன் இருக்கறது எதுக்கு?"

"கேளுங்க அண்ணி, நல்லாக் கேளுங்க. வீட்டுக்கு வந்தா பேப்பரை மூஞ்சில மூடிக்கிட்டு…"

"சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். எங்க வீட்டுல சண்டைன்னா இவன் கட்டிலுக்கு அடியில இருப்பான்."

"அங்கயும் தூங்கியிருப்பாரு."

"பின்ன? குறட்டைச் சத்தத்துலதான் கண்டுபிடிப்போம்."

இருவரும் ஒரே பக்கம் வந்துவிட்டார்கள். எனக்கு எதிராக வந்திருந்தார்கள் என்பது வேறு விஷயம். அக்கா வந்ததிலிருந்து வீட்டில் கேட்காத அளவுக்குச் சத்தம். விருந்தாளியோடு யாரும் இப்படிச் சண்டை போட மாட்டார்கள் என்று தோன்றியது. அதை வாய்விட்டுச் சொன்னால் இன்னும் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும் என்றும் தோன்றியது. சுவரில் சாய்ந்துகொண்டேன்.

அப்போது சர சர என்று ஒரு சத்தம்.

மூவரும் திரும்பினோம். எங்கள் கால்களுக்கு நடுவே புகுந்து போன ஆபீசர் பேசினுக்குள் ஏறி, முன்கால்களால் மணலை மும்முரமாகத் தோண்டிக்கொண்டிருந்தார். குழி தோண்டி, திரும்பி, வாலை நிமிர்த்தி உட்கார்ந்தார். எங்களை நேராகப் பார்த்தார். இவ்வளவு கூட்டம் எதற்கு என்பதுபோல ஒரு பார்வை. மரியாதைக்காக நாங்கள் மூவரும் கூரையைப் பார்த்தோம்.

மணலை மூடும் சத்தமும் கேட்டு முடிந்த பிறகு அக்கா குனிந்து பார்த்தாள். கை எலுமிச்சைப் பாட்டிலை நோக்கி நீண்டது.

"அண்ணி."

"எடுக்கலம்மா. மூடிதான் போடறேன்." போட்டாள். பிறகு, "இதை யார் அள்றது?" என்றாள்.

"காலைல நீங்க. சாயங்காலம் நான்."

"எனக்குக் காலை வேலை வர்ற வாரம்?"

"அப்ப மாத்திக்கலாம். இவரை மட்டும் நம்பாதீங்க, இவர் காரைத் துடைக்கற தண்ணியை ஊத்திடுவாரு."

"அடுத்த மாசம் எனக்கு முழுக்கக் காலை வேலைதான். நீ ஒருத்தியே ரெண்டு வேளையும் அள்ளணும், பாத்துக்கோ."

"ஏன், சாயங்காலம் நீங்க வீட்டுலதானே இருப்பீங்க? நான் மட்டும் எதுக்கு அள்ளணும்? அந்தக் கதையே வேணாம்."

 அக்கா முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அது வியர்வைதான் என்று நாங்கள் இருவரும் ஏற்றுக்கொண்டோம். கொஞ்சம் பொறுத்து, யாரையும் பார்க்காமல், "அந்த ஸ்டாஃப் ரூம் வேணாம்னு சொல்லணும். போன்ல சொன்னாப் போதுமா, நேர்ல போய்ச் சொல்லணுமா?" என்று கேட்டாள்.

"போன்லயே சொல்லிடுங்க" என்றாள் மனைவி. "சொல்லிட்டு வாங்க, சாப்பாடு ஆறுது."

அக்கா போனைத் தேடி உள்ளே போனாள். மனைவி அவள் பின்னாலேயே போய், கட்டிலில் திறந்து கிடந்த பெட்டியை மூடி, காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். ஆபீசர் பேசினிலிருந்து குதித்தார். காலில் ஒட்டிய மணலை நடை முழுக்க உதறிக்கொண்டே கூடத்துக்குப் போய், நான் சாய்ந்திருந்த நாற்காலியில் ஏறிச் சுருண்டு படுத்தார்.

இரண்டு பெண்களும் வாசலில் வந்து நின்றார்கள். தரையில் கிடந்த மணலைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

துடைப்பம் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். இத்தனை வருஷமாக இந்த வீட்டில் இருக்கிறாயே, அதுகூடத் தெரியாதா என்று கேட்டார்கள், சேர்ந்து.